கணிப்பொறி நிரல்களுக்குக் குறிப்பேடு

தென் அமெரிக்காவின் வடகீழ்க் கரையிலுள்ள பிரெஞ்சு கயானாவில், கூரூ என்னும் ஊரையடுத்து ஐரோப்பிய நாடுகளின் ராக்கெட்டுத் தளம் அமைந்திருக்கிறது. இந்தியாவின் ‘ஆப்பிள்’ செயற்கைக்கோள் 1981ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் விண்ணுக்குச் சென்றது இத்தளத்திலிருந்தே. 1996ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் தேதி காலை ‘ஏரியான் 5’ என்ற புதிய ராக்கெட்டு இங்கிருந்து முதன்முறையாகக் கிளம்பிற்று. சூரியனிலிருந்து வீசும் துகள் வெள்ளம் பூமியின் காந்த மண்டலத்தின் மீது எவ்வாறு மோதுகிறது என்பதை ஆராய்வதற்கெனப் பல்லாண்டுகள் பாடுபட்டுச் செய்யப்பட்ட ‘கிளஸ்டர்’ என்னும் நான்கு செயற்கைக்கோள்களை அது சுமந்து சென்றது. ஏறத்தாழ 37 வினாடிகள் வரையில் யாவும் ஒழுங்காகவே நடந்தன. பிறகு ராக்கெட்டு திடீரென்று பாதை மாறிச் சாய்ந்தது. காற்றின் தாக்குதலைப் பொறுக்க மாட்டாமல் உடையத் தொடங்கிற்று. ஆபத்துக் காலத்தில் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் ஏற்பாடும் உடனே இயங்கவே, சுமார் 3,700 மீட்டர் உயரத்தில் வெடித்துச் சிதறிற்று. சிதறிய துண்டுகள் ஏறத்தாழ 12 சதுர கிலோமீட்டர் பரப்பில் புல்வெளியிலும் சதுப்புக் காட்டிலுமாக வீழ்ந்து கிடந்தன.

எஞ்சினில் பழுது ஏதும் இல்லை, எரிபொருளிலும் குறையில்லை. ராக்கெட்டு எப்பக்கம் சாய்கிறது, எவ்வேகத்தில் செல்கிறது என்பனவற்றை அளந்து கூறும் திசையறி சாதனத்தில்தான் குற்றம் இருந்தது. ஒன்று பழுதுற்றால் மற்றொன்று உதவும் பொருட்டு அத்தகைய சாதனங்கள் இரண்டு பொருத்தப்பட்டிருந்தன. ஆனால் இரண்டிலும் இயங்கியது ஒரே மென்பொருள். முன்னைய ‘ஏரியான் 4’ ராக்கெட்டுகளில் பறந்து நன்கு தேறிய மென்பொருள் அது. அதில் ஓரிடத்தில், 64 பிட்டுகளால் குறிக்கப்பெற்ற தசம எண் ஒன்றை 16 பிட்டு முழு எண்ணாக மாற்ற வேண்டியிருந்தது. 16 பிட்டுகளில் 32,767க்கு மேற்பட்ட எண் அடங்காது. கிடைத்திசையில் வெகு விரைவாக வேகம் பெறும் புதிய ராக்கெட்டில் அவ்வெண் இந்த எல்லையைக் கடந்துவிட்டது. துணைச் சாதனம் முதலில் நின்றது. கண் இமைப்பதற்குள் முதற் சாதனமும் அதே காரணத்தால் நின்றது. நிற்கும்போது அது வெளியிட்ட பழுதறிவிப்பை ராக்கெட்டின் தலைமைக் கணிப்பொறி உண்மையான அளவென்றே கொண்டு, இல்லாத ஒரு சாய்வைத் திருத்துவதற்காக எஞ்சின்களின் கூம்புக் குழாய்களை முழு அளவுக்குத் திருப்பிற்று. எஞ்சியதை மேலே கண்டோம்.

இவ்விபத்தை ஆராய்வதற்குப் பிரெஞ்சுக் கணித நிபுணர் ழாக் லூயி லியோன் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. அக்குழு அவ்வாண்டு ஜூலை மாதத்திலேயே அறிக்கை தந்தது. எண் எல்லை மீறியது பற்றி அவ்வறிக்கை கூறுவதைக் கணிப்பொறி பயில்வோர் பலர் அறிவர். ஆனால் அதே அறிக்கையில் பெரும்பாலோர் படித்தும் மறந்துவிடும் ஒரு பகுதி உண்டு. எல்லை மீறக்கூடிய எண்கள் மென்பொருளில் மொத்தம் ஏழு இருந்தன. அவற்றுள் நான்கிற்குப் பாதுகாப்பு செய்து, மூன்றை அப்படியே விட்டிருந்தனர். இது கவனக்குறைவினால் நேர்ந்ததன்று. சாதனத்திலுள்ள கணிப்பொறியின் வேலைப்பளு 80 சதவிகிதத்தைத் தாண்டலாகாது என்ற விதி இருந்தது. அம்மூன்று எண்களும் தம் எல்லையை எட்டுவதற்கு வழியில்லை என்று கணக்கிட்டுப் பார்த்து, பல தரப்பினரும் கூடி ஒப்புக்கொண்டே அவ்வாறு விட்டனர். ஏரியான் 4ஐப் பொறுத்தவரை அக்கணக்குச் சரியானதே. ஆனால் அந்த முடிவுக்கு ஆதாரம் எது என்று சுட்டும் ஒரு வரிகூட நிரலினுள் இல்லை. முடிவின் காரணம் எங்கோ ஒரு பத்திரத்தில் இருந்திருக்கலாம். திட்டத்தின் பத்திரக் குவியலில் அது அமிழ்ந்து போய், புறத்தேயிருந்து சோதிக்க வந்தவர் கண்ணுக்குப் புலப்படாமலே இருந்துவிட்டது. வேண்டுமென்று யாரும் மறைக்கவில்லை என்பதையும் குழு சொல்லத் தவறவில்லை.

இதைக் காட்டிலும் வருந்தத்தக்கது இன்னொன்று. எல்லை மீறிய அக்கணக்கு, ராக்கெட்டு தரையை விட்டு எழுந்த பின்னர் ஏரியான் 5க்குத் தேவையே இல்லை. பழைய ராக்கெட்டுகளில், கிளம்புவதற்கு ஒன்பது வினாடிக்கும் ஐந்து வினாடிக்கும் இடையில் ஏதேனும் தடை நேர்ந்து எண்ணிக்கையை நிறுத்த வேண்டி வரின், சாதனத்தை மீண்டும் முதலிலிருந்து நேர்ப்படுத்த 45 நிமிடங்களோ மேலுமோ ஆகும். அந்தத் தாமதத்தைத் தவிர்க்கவே, கிளம்பிய பின்னரும் சுமார் 40 வினாடிகள் வரை நேர்ப்படுத்தும் கணக்கு ஓடிக்கொண்டிருக்குமாறு செய்தனர். 1989ஆம் ஆண்டில் 33ஆவது பயணத்தின்போது இவ்வசதி ஒரு முறை பயன்படவும் செய்தது. புதிய ராக்கெட்டில் ஆயத்த முறையே வேறு. இருந்தும், நன்றாக ஓடும் மென்பொருளில் கைவைப்பானேன் என்ற எண்ணத்தில் அப்பகுதி அப்படியே விடப்பட்டது. ‘இப்பகுதி இன்ன காரணத்துக்காக இங்கே இருக்கிறது, அக்காரணம் இல்லாத ராக்கெட்டில் இதை நிறுத்திவிடலாம்’ என்ற இரண்டு வரிக் குறிப்பு, மாற்றத்தைச் செய்வோர் கண்ணில் படும் இடத்தில் இருந்திருப்பின், யாரேனும் ஒருவர் கேள்வி எழுப்பியிருக்கக் கூடும். நிரலுக்குக் காட்டும் அதே கவனத்தை நிரலின் நியாயங்களைக் கூறும் பத்திரங்களுக்கும் காட்ட வேண்டும், இரண்டும் ஒன்றோடொன்று முரண்படாமல் காக்க வேண்டும் என்பது குழுவின் பரிந்துரைகளுள் ஒன்று.

கிளஸ்டர் விஞ்ஞானிகள் மனந்தளரவில்லை. செயற்கைக்கோள்களை மறுபடியும் கட்டி, 2000ஆம் ஆண்டில் ரஷ்ய ராக்கெட்டுகளின் மூலம் இரண்டிரண்டாக அனுப்பினர். அவை இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பணி செய்தன. நான்கு வருஷம் வீணானதும், செலவு கூடியதும் திரும்ப வாராதவை.

‘எவ்வாறு’ என்பதும் ‘ஏன்’ என்பதும்

மென்பொருளுக்குக் குறிப்பு எழுதுவது என்றதும், எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன நடக்கும் என்று சொல்லும் கையேடுதான் பலர் நினைவுக்கு வருகிறது. பயன்படுத்துவோருக்கு அத்தகைய கையேடு தேவைதான். ஆனால் நிரலைப் பின்னாளில் திருத்த வேண்டியவருக்கு அது போதாது. நிரல் என்ன செய்கிறது என்பதை, பொறுமையுள்ள ஒருவர் நிரலைப் படித்தே கண்டுகொள்ளலாம். அது ஏன் அவ்வாறு செய்கிறது, வேறு எவ்வழிகள் ஆராய்ந்து தள்ளப்பட்டன, எந்த அனுமானம் பொய்த்தால் நிரல் பொய்க்கும் என்பவற்றை எவ்வளவு படித்தாலும் நிரலிலிருந்து பெற முடியாது. எழுதியவர் சொன்னாலன்றி அவை அவரோடு போய்விடும்.

ராக்கெட்டு வரையில் போக வேண்டியதில்லை. ஒரு வட்டாரத்தில் மழைமானிப் பதிவுகளைக் கணிப்பொறியில் ஏற்றி, மாதந்தோறும் மழை நாட்கள் எத்தனை என்று கணக்கிட ஒருவர் சிறு நிரல் எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். நிரலில் ஓரிடத்தில் 2.5 என்ற எண் காணப்படும். இந்திய வானிலைத் துறையின் வழக்கப்படி 24 மணி நேரத்தில் 2.5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ மழை பெய்த நாளே மழை நாள் எனப்படும். எழுதியவருக்கு அது நன்கு தெரிந்ததாகையால் அவர் எதையும் குறித்து வைக்கவில்லை. அவர் மாற்றலாகிப் போன பிறகு அவ்விடத்துக்கு வருபவர், ‘ஒரு மில்லிமீட்டர் பெய்தாலும் மழைதானே’ என்று நினைத்து 2.5ஐ அழித்து 0 என்று எழுதுகிறார். நிரல் முன்போலவே பிழையறிவிப்பு ஏதுமின்றி ஓடுகிறது. அவ்வட்டாரத்தில் மழை நாட்கள் திடீரென்று பெருகிவிட்டனபோல் அறிக்கை செல்கிறது. பள்ளியில் அவ்வறிக்கையைக் கொண்டு வரைபடம் தீட்டும் மாணவர்களும், அதை நம்பி விதைப்புக்கு நாள் குறிப்போரும் ஏமாறுவர்.

இதே நிரலில் இன்னும் சில பொறிகள் மறைந்திருக்கும். காலை 8.30 மணிக்கு அளக்கப்படும் மழை, முந்தைய நாள் காலை 8.30 முதல் பெய்தது. அதை அளந்த நாளின் கணக்கில் எழுதுவது வழக்கம். இதை அறியாதவர் ஒரு நாள் பின்தள்ளி எழுதிவிடுவார். பதிவேட்டில் வெற்றிடமாக இருக்கும் நாள், மழை பெய்யாத நாளா அல்லது அளவு எடுக்கப்படாத நாளா? நிரல் வெற்றிடத்தைப் பூஜ்யமாகக் கொண்டால் பஞ்சமில்லாத வருஷத்தையும் பஞ்ச வருஷமாக்கிவிடும். மெட்ரிக் முறை வருவதற்கு முந்தைய பதிவுகள் அங்குலத்திலும், அங்குலத்தில் நூறில் ஒரு பங்காகிய சென்டிலும் இருக்கும். அவற்றை 25.4 கொண்டு பெருக்கி மில்லிமீட்டராக்கும் வேலையை நிரல் செய்கிறதா, அன்றிப் பதிவு ஏற்றியவரே முன்கூட்டிச் செய்துவிட்டாரா என்பது தெரியாவிட்டால், இரு முறை பெருக்கியவரும் உண்டு, ஒரு முறையும் பெருக்காதவரும் உண்டு என்ற நிலை ஏற்படும்.

அளவையைப் பற்றிய இப்பிழை பெரியோர்க்கும் நேர்ந்திருக்கிறது. அமெரிக்கா 1998ஆம் ஆண்டு டிசம்பரில் செவ்வாய்க் கிரகத்துக்கு அனுப்பிய ‘மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்’ என்னும் விண்கலம் 1999 செப்டம்பர் 23ஆம் தேதி அக்கிரகத்தை அணுகியபோது மறைந்தது. விண்கலத்தின் சிறு உந்துகருவிகள் தரும் உந்துதலைத் தரையிலிருந்த ஒரு நிரல் பவுண்டு விசையில் கணக்கிட்டுக் கொடுக்க, அதைப் பெற்றுக்கொண்ட மற்றொரு நிரல் நியூட்டன் அளவென்று எடுத்துக்கொண்டது. இரண்டுக்கும் 4.45 மடங்கு வித்தியாசம். தரைக்கு மேல் 226 கிலோமீட்டர் உயரத்தில் செல்ல வேண்டிய கலம் 57 கிலோமீட்டர் உயரத்தில் சென்றதாகப் பின்னர் கணக்கிட்டனர். இதில் கவனிக்க வேண்டியது யாதெனில், எந்த அளவையில் தர வேண்டும் என்று கூறும் பத்திரம் இங்கே இருந்தது. மெட்ரிக் அளவை என்று தெளிவாகவே அதில் எழுதியிருந்தது. நிரல் அதற்கு இணங்கியிருக்கிறதா என்று ஒத்துப் பார்க்கும் வேலைதான் நடைபெறாமற் போயிற்று. குறிப்பு எழுதி அலமாரியில் வைத்துவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணுவோர்க்கு இவ்விண்கலத்தின் வரலாறு பயன்படும்.

ஒரு கையேட்டின் வரலாறு

நல்ல முறையில் குறிப்பு எழுதியவர்களும் உண்டு. அமெரிக்காவிலுள்ள பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் கென் தாம்ஸன், டென்னிஸ் ரிச்சி ஆகிய இருவரும் ‘யூனிக்ஸ்’ என்னும் இயக்க மென்பொருளை உருவாக்கினர். இன்று கைப்பேசி முதல் பெரும் கணிப்பொறிகள் வரையில் இயங்கும் பல மென்பொருள்களுக்கு அது மூதாதை. அதன் கையேட்டின் முதற்பதிப்பு 1971ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் தேதியிட்டது. ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு பக்கம், சிலவற்றுக்கு இரண்டு. பெயர், எழுதும் முறை, விளக்கம், அது தொடும் கோப்புகள், தொடர்புடைய பிற கட்டளைகள், அது தரும் பிழையறிவிப்புகள் என்று எல்லாப் பக்கங்களும் ஒரே ஒழுங்கில் அமைந்திருந்தன. ஒரு பக்கத்தைப் படிக்கத் தெரிந்தவருக்கு எல்லாப் பக்கங்களையும் படிக்கத் தெரியும். ஒவ்வொரு பக்கத்திலும் அதற்குப் பொறுப்பாளர் யார் என்ற குறிப்பும் உண்டு. சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது என்று திகைக்க வேண்டியதில்லை.

அப்பக்கங்களில் ‘குறைகள்’ என்ற தலைப்பும் இருந்தது. இக்கட்டளை இன்ன சந்தர்ப்பத்தில் தவறான விடை தரும், இன்ன அளவுக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது என்று ஆசிரியர்களே தங்கள் குறையை அச்சிட்டனர். தன் சரக்கின் குறையைத் தானே பறைசாற்றும் வணிகரைக் காண்பது அரிது. ஆனால் அச்சிறு பத்தியே கையேட்டின்மீது படிப்போர்க்கு நம்பிக்கை உண்டாக்கிற்று எனலாம். இதற்கு எதிர்பாராத பயன் ஒன்றும் விளைந்தது. பிற்காலப் பதிப்பைத் தொகுத்த டக்ளஸ் மக்கில்ராய் முதலியோர் சொல்லியுள்ளபடி, ஒரு கட்டளையின் குறையை விவரித்து எழுத உட்காரும்போது, இவ்வளவு சுற்றி வளைத்து எழுதுவதைவிட நிரலையே திருத்திவிடலாமே என்று தோன்றும். அவ்வாறே திருத்தியும் விடுவர். விளக்க முடியாத நிரல் பெரும்பாலும் சரியாகச் சிந்திக்கப்படாத நிரலே. பாடம் நடத்தத் தொடங்கிய பிறகே தமக்கு எது புரியவில்லை என்று உணர்ந்த ஆசிரியர்களுக்கு இது புதிதாக இராது.

டொனால்டு நூத் என்ற கணிப்பொறி மேதை இதற்கும் ஒரு படி மேலே சென்றார். அச்சுக்கோப்புக்கென்று தாம் எழுதிய ‘டெக்’ என்ற நிரலை, விளக்கமும் நிரலும் ஒன்றோடொன்று பின்னிய கட்டுரையாகவே எழுதி, 1986ஆம் ஆண்டில் முழு நிரலையும் புத்தகமாக வெளியிட்டார். தம் நிரலில் கண்ட பிழைகளையும் பட்டியலிட்டு, அவற்றைப் பற்றி 1989இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். எல்லோரும் இவ்வளவு செய்ய இயலாது. செய்ய வேண்டும் என்பதுமில்லை.

எழுதுவதன் எல்லையையும் அறிந்திருத்தல் நன்று. சந்திர யாத்திரைக்கான அப்பாலோ மென்பொருளை உருவாக்கிய குழுவின் தலைவி மார்கரெட் ஹாமில்டன், பறக்கும்போது ஏவுதலுக்கு முந்தைய நிரலைத் தவறிப்போய்த் தேர்ந்தெடுத்தால் கணிப்பொறி நிலைகுலையும் என்று கண்டார். சோதனை யந்திரத்தில் அவருடைய சிறு மகள் விளையாட்டாகப் பொத்தான்களை அழுத்தியபோது வெளிப்பட்ட குறை அது. தடுப்பு ஒன்றை நிரலிலேயே சேர்க்க வேண்டும் என்று அவர் கோரினார். பயிற்சி பெற்ற விண்வெளி வீரர் அத்தவற்றைச் செய்யமாட்டார் என்று அது ஏற்கப்படவில்லை. ‘பறக்கும்போது இதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்’ என்ற எச்சரிக்கைக் குறிப்பு மட்டும் எழுதப்பட்டது. 1968 டிசம்பரில் அப்பாலோ 8 பயணத்தின்போது ஜேம்ஸ் லவல் அதே தவற்றைச் செய்தார். வழியறி விவரங்கள் அழிந்துபோய், அவற்றைத் திரும்ப அமைக்க வேண்டியதாயிற்று. நிரலைத் திருத்திச் சரிசெய்யக் கூடிய ஒன்றை எச்சரிக்கை வாக்கியத்தால் ஈடுசெய்ய முயலுதல் சோம்பலே.

பேணும் முறை

குறிப்பு எழுதுவது ஒரு நாள் வேலை; பேணுவது பல வருஷ வேலை. நிரல் மாறிக் குறிப்பு மாறாமல் நின்றால், அது குறிப்பே இல்லாத நிலையினும் கேடு. குறிப்பு இல்லாவிடில் வருபவர் ஐயத்துடன் ஆராய்ந்து பார்ப்பார். பொய்க் குறிப்பு இருப்பின் அதை நம்பி நடப்பார். இதற்குப் பரிகாரம் எளியது. குறிப்பு நிரல் இருக்கும் அதே கோப்புத் தொகுதியில் இருக்க வேண்டும். நிரலில் ஒரு மாற்றம் செய்தால் அதே கையோடு குறிப்பையும் மாற்றித் தேதியிட வேண்டும். மாற்றத்தைச் சரிபார்ப்பவர், குறிப்பு மாறாதிருந்தால் வேலை முடியவில்லை என்றே கொள்ள வேண்டும். தனி அலுவலகத்தில், தனி மனிதரிடம், தனிக் கோப்பில் குறிப்பை ஒப்படைத்த திட்டங்களில் ஓராண்டுக்குள் இரண்டும் இரு வேறு கதை சொல்லத் தொடங்கிவிடும்.

நீளம் வேண்டியதில்லை. மேலே கூறிய மழைக் கணக்கு நிரலுக்கு இவ்வளவு போதும்: “இந்நிரல் மாத வாரியாக மழை நாட்களை எண்ணுகிறது. காலை 8.30க்கு முடியும் 24 மணி நேரத்தில் 2.5 மில்லிமீட்டரோ மேலோ பதிவான நாளே மழை நாள். இது வானிலைத் துறையின் வரையறை, மாற்ற வேண்டாம். மழை, அளந்த தேதியின் கணக்கில் சேரும். வெற்றிடம் என்பது அளவு எடுக்கப்படாத நாள்; அதை நிரல் விட்டுவிடுகிறது, பூஜ்யமாகக் கொள்வதில்லை. அங்குலப் பதிவுகளை ஏற்றுமுன் கையால் மில்லிமீட்டராக்க வேண்டும், நிரல் மாற்றாது. குறை: ஒரே தேதி இரு முறை பதிவாகியிருந்தால் இரு முறையும் எண்ணிவிடும்.” இதனுடன் ஐந்தாறு நாட்களின் மாதிரிப் பதிவையும், அதற்கு வர வேண்டிய விடையையும் சேர்த்து வைத்தால், நிரலைத் திருத்துபவர் திருத்திய பின் அம்மாதிரியை ஓட்டிப் பார்த்துத் தம் கை தவறியதா என்று உடனே அறியலாம். மாதிரியில் ஒரு வெற்றிடமும், சரியாக 2.5 பதிவான நாள் ஒன்றும், 2.4 பதிவான நாள் ஒன்றும் இருத்தல் அவசியம். பிழைகள் ஒளிந்திருப்பது எல்லையோரங்களில்தான்.

அரசாங்க அலுவலகங்களில் ஒருவர் மாற்றலாகும்போது மேசை, அலமாரி, சாவிக்கொத்து, பதிவேடுகள் எல்லாவற்றுக்கும் பட்டியல் எழுதிப் புதியவரிடம் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குவது நெடுநாளைய வழக்கம். கணிப்பொறியிலுள்ள நிரல்களும் கணக்குத் தாள்களும் இப்பட்டியலில் இடம்பெறுவது அபூர்வமாகவே இருக்கிறது. அவற்றையும் சேர்ப்பது நன்று. ஒப்படைக்கும் நாளில் புதியவர், போகிறவர் முன்னிலையில், ஆனால் அவர் வாய்திறவாமல் இருக்க, குறிப்பை மட்டும் பார்த்து நிரலை ஒரு முறை ஓட்ட வேண்டும். எங்கே அவர் தயங்கி நிமிர்ந்து பார்க்கிறாரோ அங்கே குறிப்பில் ஒரு வரி குறைகிறது என்று பொருள். அவ்வரியைப் போகிறவர் ஊருக்குப் புறப்படுமுன் அங்கேயே அமர்ந்து எழுதித் தேதியிட்டுவிடலாம்.